கிடாவுக்குச் சுரந்த பால்

காயடித்த கிடாவுக்குப் பால் சுரந்தது என்றால் யார்தான் நம்புவார்கள்? எங்கள் துரைக்குச் சுரந்தது. என் வீட்டுக்காரர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடா அது. பட்டிக்குள் அது நடக்கிற மிடுக்கைப் பார்த்து அவர் வைத்த பெயர்தான் துரை. அவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் அதன் அடிவயிற்றில் ஒட்டியிருந்த முள்ளை எடுக்கக் கையை விட்டேன். காம்பு வீங்கியிருந்தது. விரலில் வெள்ளையாக ஒட்டியது.

அதோடு நிற்கவில்லை. கிடாவே சேராத இளம் பெட்டைகள் மடி விட்டன. ஈன வேண்டிய ஆடுகளோ சினையே பிடிக்கவில்லை; பிடித்த ஒன்றிரண்டும் செத்த குட்டி போட்டன. மடி கனத்த பெட்டைகள் இல்லாத குட்டியைத் தேடி வேலியோரம் கத்திக்கொண்டே திரிந்தன. இன்னொரு பருவமும் இப்படியே போனால் பட்டியைக் கறிக்கடைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான்.

"அண்ணி, சொன்னா கோவிச்சுக்காதீங்க. அண்ணன் இன்னும் பட்டிய விட்டுப் போகல," என்றான் கொழுந்தன்.

"உளறாத. போய்த் தண்ணித்தொட்டியக் கழுவு," என்று எரிந்து விழுந்தேன்.

உள்ளுக்குள் எனக்கோ சந்தோஷம். உயிரோடு இருந்தபோதும் சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது செய்துவைக்கிற மனிதர்தானே அவர். கடைசியாக அவர் விதைத்த குளோவர் கீழ்க்காட்டில் முழங்கால் உயரம் நின்றது. அந்த மூன்றிலைப் பயிரைத் தினமும் நானே அறுத்து ஆடுகளுக்குப் போடுவேன். அறுக்கும்போது பின்னால் ஆள் நிற்பது போலிருக்கும்.

"வந்துட்டீங்களா? ஆட்டையெல்லாம் இப்படிப் பண்ணினா நான் எதை வச்சுப் பிழைக்கிறது?" என்று திட்டுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

கொழுந்தன் கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டிவந்தான். அவர் துரையின் காம்பைப் பிதுக்கிப் பார்த்தார். பிறகு தீவனத் தொட்டியில் கிடந்த இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற தீவனம் போடறதில்லையா?"

"இது மட்டுந்தான். அவர் விதைச்சது."

"இந்த ரகத்துல பெண் ஹார்மோன் மாதிரி ஒண்ணு இருக்கும்மா. மத்த புல்லோட கொஞ்சம் கலந்து போட்டா பாதிப்பு தெரியாது. இதையே தின்னா மலடாக்கிடும். ரொம்ப நாளாத் தின்ன ஆடுங்க தேறுறது கஷ்டம். காயடிச்ச கிடாவுக்கு மூத்திரம் அடைச்சு உயிரே போயிடும். உடனே நிறுத்துங்க."

"அப்பாடா, புல்லுதானா!" என்று கொழுந்தன் பெருமூச்சு விட்டான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

மறுநாள் டிராக்டர் வந்தது. கீழ்க்காட்டை உழுது முடிக்கும்வரை நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

கிழட்டு ஆடுகளை விற்றோம். அடுத்த பருவம் இளசுகள் சினை பிடித்தன. முதல் குட்டி உயிரோடு விழுந்ததும் கொழுந்தன் போட்ட கூச்சலில் காக்கையெல்லாம் பறந்தன. நானும் சிரித்தேன். துரையின் காம்பு எப்போதோ வற்றிப்போயிருந்தது.

அன்று மாலை கீழ்க்காட்டுக்குப் போனேன். ஏர் படாத வேலி மூலையில் ஒரு கைப்பிடி குளோவர் துளிர்த்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பறித்தேன். பின்னாலேயே வந்த துரை, மூடிய என் கையை மூக்கால் முட்டியது. ஒரு கைப்பிடிதானே, என்ன ஆகிவிடும்? நாளைக்கும் ஒரு கைப்பிடி தேடிப் பிடித்துக் கொடுத்தால், ஏதோ ஒரு நாள் காலையில் என் விரல் மறுபடி வெள்ளையாகும். அவரும் வருவார். எனக்கு அவர் வேண்டும்.

துரை என் முகத்தையே பார்த்தது.

"இது உனக்கில்லடா," என்று அத்தனையையும் என் வாயில் போட்டு மென்றேன். பச்சை வாசம், லேசான கசப்பு. பிறகு முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். வேலிதான் இருந்தது.