ஒரே குழாயில் இரண்டு மருந்து

1
மார்ச் 14. திருத்தம்: நேற்றைய பக்கத்தில் நோயாளியின் ரத்தத்தில் இருந்த பாஸ்பேட் உப்பின் அளவை 1.8 என்று எழுதிவிட்டேன். 0.8. 1.8 என்றால் லேசான குறைவு, வாய்வழி மருந்தே போதும், கதையே இல்லை.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மாலைக் கதை வகுப்பு ஆசிரியர் 'நான்' இல்லாமல் எழுதச் சொன்னார். ஆகவே ஒரு அக்கா, ஒரு தங்கை. இருவரும் ஒரே வார்டில் நர்ஸ். அக்கா யாரென்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

2
பன்னிரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் வந்து சேர்ந்த தையல்காரர். சாப்பாடு தொடங்கிய மூன்றாம் நாள் அவர் கையில் தம்ளர் நிற்கவில்லை.

"பட்டினி கிடந்த உடம்பு, சாப்பாடு கிடைச்சதும் ரத்தத்துல இருக்குற பாஸ்பேட்டை உள்ள இழுத்துக்குமே சார். பாத்துடலாமா?" என்று டாக்டரிடம் கேட்டவள் தங்கை.

0.8 என்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் வார்டுக்கே கேட்கும்படி, "இந்தப் பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு" என்றார்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. தம்ளர் நழுவியதை முதலில் பார்த்தவள் அவள்தான். தரையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

[இங்கே அக்காவை நல்லவளாகக் காட்ட ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.]

3
தையல்காரரின் வலக்கையில் ஏற்கெனவே கால்சியம் ஏறிக்கொண்டிருந்தது. பாஸ்பேட்டை ஆறு மணி நேரம் மெதுவாக ஏற்ற, இடக்கையில் தனி ஊசி. இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து ரத்தத்துக்குள் போகும். தங்கை, பாராட்டின் மிதப்பில், வலக்கைக் குழாயை எடுத்தாள்.

முதல் வரைவு: அக்கா உடனே கத்தினாள். (பொய்.)

இரண்டாவது: வேறு வேலையில் மூழ்கியிருந்ததால் அவள்

மூன்றாவது: பார்த்தாள். இவளும் தப்பு செய்வாள் என்ற நினைப்பு இனித்தது. தங்கை மூடியைத் திருகிக் கழற்றினாள். அப்புறம்தான், "ஏய், அந்தக் கை இல்லடி!"

"ஐயோ! நல்லவேளை அக்கா, நீ பாத்தே."

"கழுகுக் கண்ணு எங்கடி போச்சு?"

"சண்டை போடாம ஏத்துங்கம்மா, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றார் தையல்காரர்.

டாக்டர் வந்ததும் தங்கை தானாகவே சொன்னாள்: "என் தப்பு சார். அக்காதான் தடுத்தா." அதுவும் வார்டுக்கே கேட்டது. தப்பை ஒப்புக்கொள்வதிலும் இவள் முந்திக்கொண்டாளே என்று அக்காவுக்கு மறுபடியும் எரிந்தது.

4
முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். பார்த்தும் தாமதித்ததை அக்கா சொல்லிவிடுகிறாள். அல்லது, தையல்காரர் தேறி வீட்டுக்குப் போகிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆசிரியருக்கு இரண்டாவது பிடிக்கும். எனக்கு இரண்டுமே எழுத வரவில்லை. அவள் எத்தனை நொடி சும்மா நின்றாள் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் எண்ணினால் குறைத்துத்தான் எண்ணுவேன்.

நாளை: காலை ஆறு மணிக்குத் தையல்காரருக்கு ரத்தம் எடுத்து பாஸ்பேட் பார்க்க அனுப்ப வேண்டும். இந்த நோட்டைத் தங்கையிடம் கொடுக்க வேண்டும்.