அம்மா வர எத்தனை மணி நேரம்

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்த வருஷம் அம்மா தெவசத்தை நான் இங்க வச்சுக்கறேன்" என்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தம்பி இன்ஹோ போனில் சொன்னதும் சாங்கியூவுக்குச் சுரீரென்றது.

மூத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இளையவன் படையல் போடுவதா? மூன்று வருடமாகக் கொரியாவில், இன்சியோன் வீட்டில் அவர்தான் தனியாகச் சமைத்து, தனியாக விழுந்து கும்பிட்டு, மிச்சத்தை ஒரு வாரம் தனியாகத் தின்று தீர்த்தார். மனைவி பிரிந்துபோன பிறகு அந்த வீட்டுக்கு வருகிற ஒரே விருந்தாளி அம்மாதான்.

"அடக்கம் பண்ணினது இங்க. ஒன்பதாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் அவங்க எப்படிண்ணே வருவாங்க?"

"நான் அங்க வர்றதுக்குப் பதினோரு மணி நேரம். அங்கேர்ந்து இங்க எதிர்க்காத்து, பதிமூணு ஆகும். கொஞ்சம் முன்னாடியே கெளம்பச் சொல்லு."

"அம்மாவுக்குப் பிளேன்னாலே வாந்தி வருமே, மறந்துட்டீங்களா? பேசாம நீங்க கெளம்பி வாங்க."

அந்தப் பதினோரு மணி நேரத்தோடு சாங்கியூவுக்குத் தீராத பகை. அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் அடித்துப் பிடித்து விமானம் ஏறினார். ஏறியது சாயங்காலம், இறங்கியது அதே நாள் மத்தியானம். கடிகாரத்தை நம்பினால் கிளம்புவதற்கு முன்பே போய் இறங்கிவிட்டார். என்ன பிரயோஜனம்? அவர் கடலுக்கு மேலே இருந்தபோதே அம்மா கண்ணை மூடிவிட்டாள். "பெரியவன் எங்கே, பெரியவன் எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லையே என்பதுதான் அவர் நெஞ்சில் தைத்த முள். படையலின்போதாவது சொல்லலாம் என்றால், இவ்வளவு தூரம் அவள் வந்திருப்பாளா என்ற சந்தேகத்தில் வார்த்தை வராது.

"சரி, அங்கேயே வை. எனக்குப் போன்ல காட்டு" என்றார் கடைசியில்.

அங்கே இரவு, இங்கே மறுநாள் நடுப்பகல். கோட்டு மாட்டிக்கொண்டு, தரையில் நிறுத்திய போனுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

"பெரியப்பாவோட வழுக்கை மட்டும்தான் தெரியுது!" என்று தம்பி மகள் சிரித்தாள்.

இன்ஹோ சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினான். இனி அம்மா சாப்பிட வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது. எல்லாரையும் வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். படையலுக்கு எதிரே இருந்த போனை மறந்துவிட்டான்.

அம்மாவின் படத்துக்கு முன்னால் சோற்றில் ஆவி பறந்தது. அந்த அறையில் இப்போது போனிலிருந்த சாங்கியூவைத் தவிர யாருமில்லை. முறைப்படி அவரும் முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை.

"அம்மா, பெரியவன்தாம்மா" என்றார். "பிளேன்ல இருந்தேம்மா. வந்துக்கிட்டேதான் இருந்தேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் கனைப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வருமுன் கனைப்பது வழக்கம்.

"டேய், இருடா!" என்று சாங்கியூ போனைப் பார்த்துக் கத்தினார். "அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்கல."