சகலையின் கரடி

எங்கள் அக்ரூட் காட்டில் சர்ஷெனுக்குத் தெரியாமல் ஓர் இலைகூட அசையாது. எப்போதோ இந்த வழியாக வந்த கிரேக்கப் படை இந்த மரங்களுக்கு அடியில் காய் பொறுக்கித் தின்ற காலத்திலிருந்து கைமாறி வந்த காட்டு ரகசியங்களெல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. இதைச் சொல்பவர் சர்ஷென். பத்தொன்பது வருஷமாக வனக்காவலராக இருக்கிறார். இன்றுவரை ஒரு கரடியைக்கூட நேரில் பார்த்ததில்லை.

கல்யாண விருந்துகளில் அவர் சொல்லும் கரடிக் கதைகளுக்குக் குறைவில்லை. உண்மை அவருக்கும் அவர் மனைவி பெர்மெத்துக்கும் மட்டுமே தெரியும். பெர்மெத் வழியாக எங்களுக்கும்.

பெர்மெத்தின் தங்கையைக் கட்டியவன் எர்மெக். அவனும் வனக்காவலன்தான், வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். ஓடைக்கு இந்தப் பக்கம் சர்ஷெனின் பகுதி, அந்தப் பக்கம் எர்மெக்கின் பகுதி. நாலு வருஷத்தில் எர்மெக் பதினோரு தடவை கரடியைப் பார்த்துவிட்டான். அதைப் பெருமையடித்துச் சொன்னாலாவது சர்ஷெனுக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும்.

"தண்ணி எடுக்கப் போனேன் சகல, கரடி குட்டியோட நின்னுச்சு. ஆமா, உங்ககிட்ட தேயிலை இருக்கா? எனக்குத் தீந்துபோச்சு."

அன்று தேயிலை கொடுத்துவிட்டு வந்த சர்ஷெனுக்கு இரண்டு நாள் இதே யோசனை. ஓடையைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் ஒரு கரடிக்கு? இந்தப் பக்கம் என்ன குறை? ஆப்பிள் இல்லையா, தேன்கூடு இல்லையா? ராத்திரி சாப்பாட்டில் திடீரென்று, "அவன் ஏதோ வச்சுப் பழக்குறான்" என்றார்.

"கரடியையா?" என்றாள் பெர்மெத். "எந்தங்கச்சி சமைக்கிறத மனுசனே திங்க மாட்டான். கரடியா தேடி வரப்போகுது?"

முதன்மைக் காவலர் பதவி வசந்தத்திலிருந்து காலியாகக் கிடந்தது. காட்டின் இயக்குநருக்கு முடிவெடுப்பது பிடிக்காது. ஆகஸ்ட் கடைசியில் தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியர் விலங்குகளைக் கணக்கெடுக்க வருகிறார் என்று கடிதம் வந்ததும், முடிவைக் கரடியிடமே விட்டுவிட்டார். கரடி தங்கும் பகுதி என்று பேராசிரியர் எதை எழுதிக் கொடுக்கிறாரோ, அந்தப் பகுதிக்காரருக்குப் பதவி.

பேராசிரியர் வருவதற்கு முந்தின நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் சர்ஷென் குதிரையில் ஓடையைத் தாண்டினார். அரை மணி நேரத்தில் தேடியது கிடைத்தது. ஒரு மூத்த மரத்தின் வேரடியில், இன்னும் ஈரம் காயாத கரடிச் சாணம். பெரிய குவியல், நிறையப் பழக்கொட்டைகள். அதைப் பார்த்தபோது அவர் கண் கலங்கியது. சந்தோஷத்தில் அல்ல. இவ்வளவு நல்ல சரக்கு அவனுக்குப் போய்க் கிடைத்திருக்கிறதே!

எதில் அள்ளுவது? தோளில் இருந்தது ரொட்டிப் பை. ரொட்டி கிடந்த பையில் இதைப் போட்டால் ஏழு தலைமுறைக்கும் ஆகாது. தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. அதைத் தரையில் வைப்பதே பாவம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இடது கால் ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். வாசனை பட்டதுமே குதிரை பின்னங்கால்களில் எழுந்து நின்றது, அவரை ஏற விடவில்லை. முழங்கால் உயரப் பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு, கடிவாளத்தை எட்டிப் பிடித்து இழுத்தபடி, ஒரு காலில் வெறும் காலுறையோடு நடந்தே ஓடையைக் கடந்து, தன் பகுதியின் நடுவில் கொண்டுபோய்க் கொட்டினார். மேலே இரண்டு இலை தூவினார். கலையுணர்ச்சி உள்ளவர்.

மறுநாள் பேராசிரியர் அனாரா எசெனோவ்னா அதைக் கண்டு மண்டியிட்டார். குச்சியால் கிளறினார், முகர்ந்தார், படமெடுத்தார். இயக்குநர் பத்தடி தள்ளி நின்று தலையாட்டினார். எர்மெக் குனிந்து பார்த்தான். ஒரு கொட்டையை எடுத்து விரலில் உருட்டிவிட்டு, சர்ஷெனின் காதோரம் வந்தான்.

"சகல, இது காட்டுப் பிளம் கொட்டை. உங்க பக்கம் அந்த மரமே இல்லையே?"

சர்ஷெனுக்கு உடம்பெல்லாம் இனித்தது. பொறாமை! பயலுக்குப் பொறாமை!

"அங்க மேஞ்சிட்டு இங்க வந்து தங்குது" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "தங்குறதுக்கு நல்ல எடமா பாக்கும்ல?"

"யோசிச்சுச் சொல்லுங்க சகல" என்றான் எர்மெக், இன்னும் மெதுவாக.

"நான் பத்தொம்பது வருசமா யோசிச்சிட்டேன். நீ பேசாம இருடா."

"நிச்சயமா இங்கதான் தங்குதா?" என்று பேராசிரியர் நிமிர்ந்தார். "நான் எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"எழுதுங்கம்மா. எனக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போற கரடிம்மா அது!"

எழுதினார். அங்கேயே இயக்குநர் சர்ஷெனின் கையைக் குலுக்கினார். நல்ல செய்தியை முதலில் கொண்டுவருபவன் எதைக் கேட்டாலும் வீட்டார் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எர்மெக் குதிரையில் முந்திப்போய்ப் பெர்மெத்திடம் சொல்லி, சர்ஷெனின் புது மேல்கோட்டைப் பரிசாக வாங்கிக்கொண்டான். சர்ஷென் வீடு வந்து சேர்ந்தபோது அவன் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். தோள், கை, நீளம் எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. சர்ஷெனுக்கு அந்தக் கோட்டு ஒருநாளும் அப்படிப் பொருந்தியதில்லை. முதன்மைக் காவலரான முதல் நாள் ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

பதினைந்து நாள் கழித்து உத்தரவு வந்தது. கரடி தங்கும் பகுதி மூன்று வருஷத்துக்கு முழுப் பாதுகாப்பில். மேய்ச்சல் கூடாது, புல் அறுக்கக் கூடாது, காய் பொறுக்கக் கூடாது. காய் பொறுக்கி விற்றுக்கொள்ளக் காவலர்களுக்கு அவரவர் பகுதியிலேயே அக்ரூட் மரங்கள் ஒதுக்குவதுதான் வழக்கம். சர்ஷெனின் முப்பது மரங்களும் முள்கம்பிக்கு உள்ளே போயின. கம்பி கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மைக் காவலருடையது.

"ஏங்க, போய் உண்மையச் சொல்லிருங்க" என்றாள் பெர்மெத். பூட்ஸைக் கழுவியவள் அவள்தான். "கரடி எர்மெக் பக்கத்துதுன்னு."

"அவன் பக்கத்துதுன்னு என் வாயால சொல்லணுமா?"

"வாயால வேணாம். எழுதிக் குடுங்க."

"செத்தாலும் மாட்டேன்."

"சாவ வேணாம். குளிருக்கு மாவு வாங்கணும், அதுக்கு எதை விக்கிறது? ஒங்க பதவியையா?"

சர்ஷென் சுத்தியலை எடுத்துக்கொண்டு கம்பி கட்டக் கிளம்பினார். ஓடைக்கு அந்தப் பக்கம் மரங்கள் வழக்கம்போல் திறந்தே இருந்தன. ஏட்டின்படி அங்கே கரடி கிடையாது.

செப்டம்பர் கடைசியில் காய் பொறுக்க ஊரே கூடாரத்தோடு காட்டுக்குள் போனது. முதன்மைக் காவலர் சர்ஷென் முப்பத்திரண்டு நாள் எர்மெக்கின் மரங்களுக்கு அடியில் குனிந்து காய் பொறுக்கினார். மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. கூலிக்கு வருபவர்களுக்கு இங்கே அதுதான் கணக்கு.