மருந்து தீரும் வரை

போன் அடித்தபோது ஜோதிலிங்கம் முகத்தில் மருந்தை ஆவியாக விடும் நெபுலைசர் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். நவம்பர் வந்துவிட்டால் டெல்லியில் பாதிப் பேருக்கு இதுதான் ஞாயிற்றுக்கிழமைப் பலகாரம். துவாரகாவில் அவர்கள் வீட்டு ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து புகைமூட்டத்தில் எதிர் பிளாக்கையே காணோம். மாஸ்க்கை நடுவில் கழற்றக் கூடாது, பேசக் கூடாது, மருந்து தீரும் வரை மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேசாமல் இருப்பது ஜோதிலிங்கத்துக்கு இருமலை விடக் கஷ்டமான காரியம்.

"செல்விதாங்க," என்று மனைவி பூங்கோதை போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

மகள் தமிழ்ச்செல்வி தீபாவளியன்று கோபித்துக்கொண்டு குர்காவ் போனவள். கூட வேலை பார்க்கும் அங்கித்தைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். இவர் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசினார். அதற்குப் பிறகு இன்றுதான் அழைக்கிறாள்.

"அப்பா... நேத்து எனக்கும் அங்கித்துக்கும் ரிஜிஸ்டர் மேரேஜ். பதினோரு மணி. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல."

ஜோதிலிங்கத்துக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கை மாஸ்க்குக்குப் போனது. பூங்கோதை அழுதுகொண்டே அதை அவர் முகத்தோடு சேர்த்து அழுத்தினாள்.

"மருந்து தீரட்டும். பொறவு பேசுங்க. உங்க வாயி எனக்குத் தெரியும்லா."

அவளுக்குத் தெரியும்தான். ஏதோ ஒரு வாய்த்தகராறில் "இனி நீ என் கூடப் பிறந்தவளே இல்லை" என்று தங்கையிடம் சொன்ன மனிதர் இவர். அன்று சாயங்காலமே வருத்தப்பட்டார். ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்று பெயரெடுத்தவராயிற்றே. இன்று வரை அவள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் போனதில்லை. இப்போது மகளுக்கும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். எனக்கு மகளே பிறக்கவில்லை. அதைத் துப்பிவிடலாம் என்றால் வாய்க்கு மேலே மாஸ்க் இருந்தது.

ஆத்திரத்தோடு அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்? என்ன புடவை கட்டியிருந்தாள்? மாலை எடுத்துக் கொடுக்கவாவது ஒரு ஆள் இருந்ததா? நேற்று பதினோரு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வீட்டில்தான் இருந்தார். சனிக்கிழமை, லீவு.

முப்பது வருஷமாகச் சர்க்கார் உத்தியோகம் பார்ப்பவருக்கு அங்கே இடறியது. சனிக்கிழமை எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் திறந்திருக்கும்?

பொய் சொல்கிறாளா? செல்விக்குப் பொய் வராது. வராதது தமிழ்தான். பேரில் மட்டும் தமிழை வைத்துக்கொண்டு டெல்லியில் பிறந்த பிள்ளை. இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் 'கல்' என்று ஒரே வார்த்தை. பதறினால் அவளுக்குத் தமிழிலும் இரண்டும் இடம் மாறிவிடும். "நேத்து எக்ஸாம், நான் இன்னும் படிக்கல" என்று பள்ளிக்கூட நாளில் அழுதுகொண்டு நிற்பாள். இவர் அதை ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மருந்து தீர்ந்து மாஸ்க்கில் ஆவி நின்றது. கழற்றினார். வீட்டுக்குள் இந்தி பேசக் கூடாது என்று சட்டம் போட்டவர் இந்தியில் கேட்டார்.

"செல்வி, கௌன்சா கல்? பீத்தா ஹுவா, யா ஆனேவாலா?" போனதா, வரப்போவதா?

"ஆனேவாலா, அப்பா." பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "ஐயோ... நாளைக்கு. நாளைக்குப்பா."

பூங்கோதை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜோதிலிங்கத்துக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. நேற்று என்றால் ஒரு கத்தலோடு முடிந்திருக்கும். நாளைக்கு என்றால் வருகிறேன், வரமாட்டேன் என்று இரண்டில் ஒன்றை இந்த வாய் சொல்லியாக வேண்டும். ஆத்திரமும் குறைந்தபாடில்லை. தட்டு பறந்த வாரமே ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரு மாதக் கல்யாண நோட்டீஸ் கொடுத்திருப்பாள் கழுதை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அப்பா? இருக்கீங்களா?"

வாயைத் திறந்தார். திறந்த வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். குனிந்து, மனைவியிடமிருந்து போனை வாங்கினார்.

"போனை வச்சிராதட்டி," என்றார். "கொஞ்சம் பொறு. இப்பம் பேசுனா வேற என்னமாவது வந்துரும்."

அவள் வைக்கவில்லை. அவரும் பேசவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது இங்கே கேட்டது; இவர் நெஞ்சு இழுப்பது அவளுக்கும் கேட்டிருக்கும். திரையில் நொடிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருந்தன.