விழுகிற படங்கள்

"கிடைச்சுதா மக்கா?" பக்கத்து வீட்டுச் சத்தியநேசன் வாசலில் நின்று மறுபடியும் கேட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும்.

"பாக்கேன் மாமா."

நந்தனா அண்ணன் பிரபினின் லேப்டாப்பில் தேடிக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம் களியக்காவிளை ரோட்டில் அவன் பைக்கை ஒரு லாரி தட்டிவிட்டது. மூன்று மணிக்குத்தான் உடலைத் தருவார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. காலையில் பல் தேய்த்தாள். யாரோ தந்த காப்பியைக் குடித்தாள்.

படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் பிரபின் சட்டையில்லாமல், ஒட்டடைக் கம்பை ஈட்டிபோல் பிடித்திருந்தான். செல்போன் கடை வேலை முடிந்து வந்தால் அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுதான். பழங்காலப் படைகளை மோதவிடுவது. அதிலிருந்த வெள்ளைக்கார வீரர்களுக்குப் பதிலாக அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட வேணாட்டு அரசின் வீரர்களை இரண்டு வருடமாக வரைந்துகொண்டிருந்தான். நிற்பது, நடப்பது, குத்துவது எல்லாம் எட்டுத் திசையிலிருந்தும் வேண்டும். முதலில் போட்டோ, பிறகு அதைப் பார்த்து வரைவது. போட்டோ எடுத்தது நந்தனா.

ஒன்றில் முகத்தை மட்டும் வெட்டிச் சத்தியநேசனுக்கு அனுப்பினாள். அவர் போனார்.

மிச்சமிருந்த ஃபோல்டரின் பெயர் 'சாவு'.

மொட்டைமாடியில் பிரபின் விழுந்துகொண்டிருந்தான். அன்று பத்துத் தடவையாவது விழுந்திருப்பான். "சீக்கிரம் செத்துத் தொலைண்ணே, நாளைக்கு எனக்குப் பரீட்சை" என்று அவள்தான் கத்தினாள். அவன் சிரித்துவிட்டு மறுபடியும் விழுந்தான்.

அவள் அடுத்த படத்தைத் திறந்தாள். அதில் அசையாமல் கிடந்தான்.

பின்னால் அப்பா சுயம்புலிங்கம் வந்து நின்றிருந்தார். அவர் சட்டையில் நேற்றைய ஆஸ்பத்திரி வாடை.

"இது எப்பம் எடுத்தது?"

"ஐப்பசியிலப்பா. அவன் விழுவான், நான் எடுப்பேன்."

"எதுக்கு விழணும்?"

"விளையாட்டுல வீரன் சாவணும்லாப்பா."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எதை அமுக்கணும்?"

அவள் அம்புக்குறிகளைக் காட்டினாள். அவர் இடதுபக்கத்தை அமுக்கினார். கிடந்தவனின் தோள் தரையிலிருந்து உயர்ந்தது. இன்னொரு அமுக்கு. முட்டு நிமிர்ந்தது. மெதுவாக, ஒவ்வொன்றாக அமுக்கினார். பிரபின் எழுந்து நேராக நின்றான்.

இன்னும் ஒருமுறை அமுக்கினார்.

வெறும் மொட்டைமாடி. பிறகு படத்திலிருந்து ஆளை மட்டும் வெட்டியெடுக்க வசதியாக, முதலில் தரையை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தான். கொடியில் இரண்டு துண்டுகள் காய்ந்தன.

சுயம்புலிங்கம் மறுபடியும் அமுக்கிப் பார்த்தார். அதற்கு முன்னால் படம் இல்லை.