மூணு தரம், யாருக்கு?

"இனிமே கடவுள் விட்ட வழிம்மா" என்றார் டாக்டர்.

சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த வார்த்தையைச் சொல்கிறவர்கள் யாராவது வழியை நினைத்துச் சொல்கிறார்களா? கிடையவே கிடையாது. நான் கையை விரித்துவிட்டேன், நீயும் விரித்துக்கொள் என்பதற்கு மரியாதையான பேச்சு அது. கேட்கிறவர்களும் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் பொத்தான் அக்காவிடம் போய் இப்படி வாயைக் கொடுக்கலாமா?

"விட்டிருக்காரு இல்ல?" என்றாள் அவள்.

"என்னது?"

"வழி. நீங்கதானே சொன்னீங்க, கடவுள் விட்ட வழின்னு. விட்டிருந்தா அது எங்கேயாவது இருக்கணுமே டாக்டர். எந்தப் பக்கம்னு தெரிஞ்சா நானே போய்க்குவேன்."

டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று சந்தேகம். அவள் முகத்தில் கேலி மருந்துக்கும் இல்லை. சீருடை தைக்கும் கூடத்தில் இருபது வருஷமாகப் பொத்தான் தைக்கிறவள் அவள். ஒரு பொத்தான் உருண்டு மிஷினுக்கு அடியில் போய்விட்டால், அது கிடைக்கும்வரை தரையிலிருந்து எழுந்திருக்க மாட்டாள். "வேற ஒண்ணு எடுத்துக்கோயேன் அக்கா" என்று மற்ற பெண்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

இப்போது தொலைந்திருப்பது பொத்தான் இல்லை, அவள் வீட்டுக்காரரின் பேச்சு.

அவர் ஏலக்காரர். பழைய சாமான் ஏலக் கூடத்தில் மேடைமேல் நின்று முப்பது வருஷம் கத்தியவர். மைக் கொடுத்தால், "எனக்கு எதுக்குய்யா இது, இதையும் ஏலத்துல விடு" என்பார். அப்பேர்ப்பட்ட வாய். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. காலுக்குக் கொஞ்சம் உயிர் திரும்பிவிட்டது. பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் "ம்ம்", வேண்டாமென்றாலும் "ம்ம்". கேட்பதெல்லாம் புரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை. அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. 

அந்த மறுவாழ்வு வார்டில் பன்னிரண்டே படுக்கைகள். ஒருவருக்கு மூன்று மாதம். முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். தெரியாவிட்டால் ஊருக்கு வெளியே உள்ள நெடுநாள் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு வரும், துணி மாற்றிவிடுவார்கள். பேச மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஏலக்காரருக்குக் கெடு வெள்ளிக்கிழமை. இன்றைக்குத் திங்கள்.

"அவரா பாத்து, அவரா யோசிச்சு, ஒரே ஒரு வார்த்தை" என்றார் டாக்டர் எழுந்துகொண்டே. "அது வந்துட்டா நானே நீட்டிச்சு எழுதறேன். ஆனா மூணு மாசமா வரலையேம்மா."

அன்று மதியம் கொழுந்தன் வந்தான். லாரி ஓட்டுகிறவன், நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரக்காரன். விடுதிக்கான விண்ணப்பத்தை அவனே வாங்கி, பூர்த்தி செய்து, கையெழுத்து இடத்தை மட்டும் காலியாக வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணி, கோவப்படாதீங்க. அங்கேயும் கூட்டம். இப்பவே குடுத்தாத்தான் ஜன்னலோரமா ஒரு கட்டில் கிடைக்கும். ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"போட மாட்டேன்."

"நீங்களும் வேலைக்குப் போகணும், நானும் வண்டியில போயிடுவேன். யதார்த்தத்தைப் பாருங்க."

"போட மாட்டேன்னு சொல்றேன்."

"அண்ணி, வெறும் கையெழுத்துதானே, பிடிக்கலேன்னா அப்புறம்..."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி நீ! ஒரு தரம் சொன்னேன், மாட்டேன்னு. ரெண்டு தரம் சொன்னேன்..."

"மூணு தரம்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஏலக்காரரின் இடது உள்ளங்கை கட்டில் கம்பியில் படார் என்று அறைந்த சத்தம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. தன் வாயிலிருந்தா வந்தது என்று அவரே திகைத்துப்போய்ப் படுத்திருந்தார்.

கொழுந்தன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவள் ஓடிப்போய்க் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, இன்னொரு தடவை சொல்லுங்க. ஒரு தரம், ரெண்டு தரம்..."

"மூணு தரம்!"

அவள் சிரித்தாள், அழுதாள், கொழுந்தன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

டாக்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "சந்தோஷம்தான். ஆனா இது பேச்சு இல்லம்மா. முப்பது வருஷமா வாய்க்குப் பழகினது. நீங்க ரெண்டு சொன்னா மூணு தானா வந்து விழுது. அதுல யோசனை இல்ல. மூணு தரம்னு சொல்றவரு, அடுத்து என்னன்னு அவரா சொல்லட்டும், அப்ப பாக்கலாம்."

அடுத்து என்ன?

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே கேள்விதான். கடவுளிடமே கேட்டாள். அவருக்கும் அவளுக்கும் சின்ன வயதிலிருந்து பழக்கம். கும்பிடுவதைவிடச் சண்டை போடுவது அதிகம். "இருக்கறவங்களோடதானே சண்டை போட முடியும்" என்பாள். அன்றைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள். "கதவை இவ்வளவு தூரம் திறந்துட்டே. முழுசா திற. இல்லேன்னா நான் தள்ளுவேன்."

நிறுத்தத்தில் இறங்கிப் பச்சைக் குடையை விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இறங்கியவர் இடித்துக்கொண்டு, "வழியை விடும்மா" என்று கத்தினார்.

கல்யாணத்துக்கு முன்னால், மழைக்கு ஒதுங்கித்தான் அவள் அந்த ஏலக் கூடத்துக்குள் போனாள். ஈரக் குடையை உதறத் தூக்கினாள். மேடையில் நின்றவர் அவள் ஏலம் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! பச்சைக் குடைக்கு!" ஆள் உயரத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம், அதுவும் ஓடாதது, அவள் தலையில் கட்டப்பட்டது. திருப்பிக் கொடுக்கப் போய்ச் சண்டை போட்டு, அடுத்த வாரமும் போய்ச் சண்டை போட்டு, கடைசியில் அந்த ஏலக்காரரே அவள் தலையில் கட்டப்பட்டார். அவருக்கு வாங்குகிறவர்கள் பெயர் தெரியாது. பார்த்ததைச் சொல்லிக் கூப்பிடுவார். சிவப்புத் தொப்பிக்கு, தாடிக்காரருக்கு, குழந்தை வச்சிருக்கற அம்மாவுக்கு. அந்தக் கடிகாரம் போனபிறகும் அவள் குடை வாங்கும்போதெல்லாம் பச்சையாகவே பார்த்து வாங்கினாள்.

மூணு தரத்துக்கு அடுத்து, யாருக்கு? அதை எந்த ஏலக்காரரும் பழக்கத்தில் சொல்லிவிட முடியாது. கூட்டத்தைப் பார்க்க வேண்டும், ஆளைத் தேட வேண்டும், வார்த்தையைத் தேட வேண்டும். "அடப்பாவி, இங்கேயா விட்டு வச்சிருக்கே வழியை!" என்று நடுத்தெருவில் கடவுளைத் திட்டினாள்.

செவ்வாய்க்கிழமை டம்ளரை ஏலம் விட்டாள். "மூணு தரம்!" என்றார். "யாருக்கு?" என்றாள். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. சீப்பை விட்டாள், தலையணையை விட்டாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் முதலில் சிரித்தாள், பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். புதன்கிழமை அவர் நெற்றியெல்லாம் வியர்த்து, டம்ளரைத் தட்டிவிட்டார். கண்ணில் நீர் வந்தது. அவளுக்கும் வந்தது. துடைத்துக்கொண்டு டம்ளரைப் பொறுக்கி எடுத்தாள்.

"அழுதுட்டே பண்ணலாங்க, தப்பில்ல. நிறுத்தத்தான் கூடாது. ஒரு தரம்..."

வியாழக்கிழமை மதியம் பச்சைக் குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வார்டுக்கு நடுவில் நின்றாள். பார்க்கிறவர்கள் இவளுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். "மூணு தரம்!" "யாருக்கு?" அவர் உதடு குவிந்தது, விரிந்தது. "ப... ப... பச்சைக் கொடைக்கு."

பயிற்சிப் பெண் நோட்டைத் தூக்கிப் போட்டுக் கைதட்டினாள். அன்று மாலைக்குள் பத்துத் தடவை சொன்னார். அது மட்டும்தான் வந்தது, வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. அவளுக்கு அதுவே போதும். ஒரு வார்த்தைதானே கேட்டார்கள்!

வெள்ளிக்கிழமை காலை காற்றும் மழையும் பேயாட்டம் ஆடின. பஸ் நிறுத்தத்தில் குடை ஒரே வீச்சில் மறுபுறம் திரும்பிக்கொண்டது. கம்பி ஒடிந்து, துணி கிழிந்து, கையைவிட்டுப் பறந்து, சாலையில் வந்த வண்டிச் சக்கரத்துக்கு அடியில் போய் நசுங்கியது.

அவள் நனைந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  உலகத்தில் அவருக்கு வரும் ஒரே வார்த்தை அந்தக் குடையைப் பார்த்தால்தான் வரும். கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும், அதற்கு முன்னால் டாக்டர் வந்துவிடுவார்.

"ஏன்? ஏன் இப்படிப் பண்றே?" என்றாள் வானத்தைப் பார்த்து. "வழி விடலேன்னாக்கூடப் பரவாயில்ல, இருக்கற வழியில குழி வெட்டுவியா?" பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றார். பஸ் வந்தது. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது என்னவோ உண்மை. ஆனால் கால் பஸ் படியில் ஏறிவிட்டது. "சரி. உன்னை நம்பித்தான் வர்றேன். என் கையில வேற ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கொழுந்தன் நின்றிருந்தான். அவள் நனைந்து வந்த கோலத்தைப் பார்த்துப் பதறிப்போய்த் தன் குடையை அவள் கையில் திணித்தான். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் ஆள் உயரக் கறுப்புக் குடை. அவன் சட்டைப்பையில் விண்ணப்பம் நான்காக மடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் பேனாவைக் காட்டினார். "இது என்னங்க?" "ம்ம்." சாவியைக் காட்டினார். "ம்ம்." ஜன்னலைக் காட்டினார். ஏலக்காரர் அவளைப் பார்த்தார்.

"பச்சைக் குடைன்னு சொல்றாராமே?" என்றார் டாக்டர். "பயிற்சி குடுக்கற பொண்ணு சொன்னாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அதுவும் உங்க கல்யாணக் கதையாமே. பழைய ஞாபகம்தானேம்மா அது? அதை வச்சு நான் எழுத முடியாது."

போச்சு. பச்சைக் குடை இருந்திருந்தாலும் போச்சு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கறுப்புக் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், ஒரே ஒரு ஏலம். விடலாமா?"

"சீக்கிரம்."

டம்ளரை எடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். என்ன தோன்றியதோ, புருஷனைக் காட்டி ஏலக் கூடத்துக் குரலில் ஆரம்பித்தாள். "பாருங்கய்யா, பழைய மனுஷன் ஒண்ணு! ஒரு கை ஓடாது, ஒரு கால் அரைகுறையா ஓடும், கோவம் மட்டும் புத்தம் புதுசு! யாருக்கு வேணும்?" குடையை விரித்து உயர்த்தினாள். அது பாதி வார்டை மறைத்தது. "ஒரு தரம். ரெண்டு தரம்."

"மூணு தரம்!"

"யாருக்கு?"

அவர் பார்த்தார். மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்க்கும் அந்தப் பார்வை, மூன்று மாதத்துக்குப் பிறகு. டாக்டரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பயிற்சிப் பெண்ணைத் தாண்டிப் பார்வை குடையில் வந்து நின்றது.

"ப..." என்றார். நிறுத்தினார். தலையை இடதும் வலதுமாக ஆட்டினார்.

அவள் நாக்கு நுனியில் வார்த்தை துடித்தது. முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்வார். பயிற்சிப் பெண்ணின் உதடுகூட அசைந்தது. அவள் கண்ணாலேயே அதை அடக்கினாள். எடுத்துக் கொடுத்தால் அது அவள் வார்த்தை. மூன்று மாதமாக ஓயாத தன் வாயை அவள் பல்லைக் கடித்து மூடிக்கொண்டாள். கடவுளே, உன் பொறுப்பு, உன் பொறுப்பு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். டாக்டர் பேனா மூடியைத் திறந்தார்.

"க..."

எதிர்க் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார்.

"க... கறு... கறுப்புக் கொடைக்கு!"

இடது கை கம்பியில் படார் என்று விழுந்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "இதைச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"பச்சைன்னுதான் டாக்டர் சொல்லிக் குடுத்தேன். கறுப்பு எங்க வீட்டுலயே கிடையாது."

அவர் ஃபைலை மடிமேல் வைத்து எழுத ஆரம்பித்தார். மூன்று மாதம் நீட்டிப்பு என்று எழுதுவதைக் கொழுந்தன் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துப் படித்தான். படித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்துப் பிரித்து, குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில் தரையில் விரித்தான்.

ஏலக்காரர் மட்டும் இன்னும் குடையையே முறைத்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியிருந்தது. அவள் ஒரு தரமும் சொல்லவில்லை, ரெண்டு தரமும் சொல்லவில்லை. அவராக, மெதுவாக, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

"பச்சை... எங்கே?"

டாக்டரின் பேனா நின்றது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்தியபடியே, கேட்டவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"அதை ஏன் கேக்கறீங்க! காலையில பஸ் ஸ்டாப்புல..."