பிரேக் இல்லாத மெஷின்

தெருவில் என்னை 'அரம்' என்பார்கள். என் வீட்டுக்காரர் மரம் அறுக்கிறவர். அவருடைய மெஷின் சங்கிலியை அரம் போட்டுத் தீட்டித் தருகிறவள் நான். அதனால்தான் அந்தப் பெயர் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். என் நாக்கைப் பார்த்து வைத்தது என்று எனக்குத் தெரியாதா என்ன! தெரிந்தும் நான் மாறவில்லை. கோபம் வந்தால் பேசிவிடுவேன், பேசிய பிறகுதான் சோறு இறங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேடையில் பழைய செய்தித்தாளை விரித்து, முந்தின நாள் வாங்கிவந்த பெரிய மெஷினை அதன்மேல் கிடத்தியிருந்தேன். கடையில் வாங்கியது இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் ஒன்பது வருஷம் வைத்து வேலை பார்த்தது. அவர் மரம் அறுப்பதை விட்டுவிட்டு மரக்கிடங்கில் மேற்பார்வைக்குப் போய்விட்டார், மெஷின் மூலையில் கிடந்தது. எங்களிடம் இருந்ததோ தோட்டம் வைத்திருப்பவர்கள் வாங்குகிற சின்ன மெஷின். சங்கிலி ஓடுகிற பார் என் முழங்கை நீளம்தான். கிளை கழிக்கலாம். அடிமரம் என்றால் எலி கடிக்கிற மாதிரி சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

திங்கட்கிழமை ஒரு பெரிய வேலை ஆரம்பமாக இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்கள், இரண்டு பேர் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. "பெரிய மெஷின் இருந்தா வா, இல்லேன்னா கிளை பொறுக்கத்தான் ஆள் வேணும்" என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் மரம் அறுத்த ஆளைப் பார்த்துக் கிளை பொறுக்கு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? சின்ன மெஷினைக் கொடுத்து, கையில் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்து, இதை வாங்கினோம்.

மெஷின் நல்ல மெஷின், அதில் குறை சொல்ல மாட்டேன். எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தால் நம் கையையே திரும்ப இழுக்கிறது. எண்ணெய் எங்கும் கசியவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கரி பிடிக்காமல் நல்ல காப்பிப் பொடி நிறம். ஒரு பழைய மெஷினிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது? சந்தோஷமாகவே துடைத்துக்கொண்டிருந்தேன். துணி கைத்தடுப்பில் பட்டபோதுதான் அது ஆடியது.

கைத்தடுப்பு என்றால் முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கிற ஒரு வளைவு. ஓடுகிற பாரின் நுனி எதிலாவது முட்டினால் மெஷின் எகிறி, அறுக்கிறவர் முகத்துக்கே வரும். எகிறுகிற வேகத்தில் அவருடைய இடது மணிக்கட்டு தடுப்பில் மோதி அதை முன்னால் தள்ளும். டக்கென்று உள்ளே ஓர் எஃகுப் பட்டை இறுகி, கண்ணை மூடித் திறப்பதற்குள் சங்கிலி நின்றுவிடும். அதுதான் பிரேக். அது இருப்பதால்தான் இந்தத் தொழிலில் பலருக்கு இன்னும் மூக்கு இருக்கிறது.

நான் தடுப்பை முன்னால் தள்ளினேன். டக் வரவில்லை. விழப்போகிற பல் மாதிரி அது பாட்டுக்கு முன்னும் பின்னும் போய்வந்தது.

பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். பட்டையும் இல்லை, அதை இழுக்கிற ஸ்பிரிங்கும் இல்லை. என்றைக்கோ கழற்றியிருந்தால் அந்தப் பள்ளத்தில் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கும். பள்ளம் பளிச்சென்று இருந்தது. அதாவது, இந்த வாரம்தான் கழற்றியிருக்கிறார்கள். எங்களிடம் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வீட்டுக்காரர் சங்கிலி எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் 'விடு, அண்ணன்தானே' என்று என்னை உட்கார வைத்திருப்பார். நல்லவேளை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மூடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கை கழுவாமல்கூட, இரண்டு தெரு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்தது என் ஓரகத்தி. வீட்டுக்காரருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாமா, இதுல பட்டை எங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்த்தார். "கழட்டிட்டேன்மா."

"எப்போ?"

"வியாழக்கிழமை."

"சனிக்கிழமை குடுக்கப்போற மெஷினை வியாழக்கிழமை கழட்டுனீங்களா? எதுக்கு?"

"கழட்டினேன், அவ்வளவுதான். விடும்மா."

அந்த 'விடும்மா'வில்தான் எனக்கு முழுதாகப் பற்றிக்கொண்டது. "ஒன்பது வருஷம் உங்க மூஞ்சிக்கு பிரேக் வேணும், உங்க தம்பி மூஞ்சிக்கு வேணாமா? கூடப் பிறந்தவர்னு நம்பி வாங்கினா, உள்ள இருக்கறத உருவிட்டு வெறும் கூட்டைக் குடுப்பீங்களா? பழைய இரும்பு வாங்குறவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் மாமா! நாளைக்கு அவர் முகத்துல தையல் போட்டுக்கிட்டு வந்தா நீங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பாக்க வருவீங்க?"

"கொஞ்சம் அளந்து பேசு" என்றாள் ஓரகத்தி.

"நான் அளக்கறது சங்கிலிப் பல்லை மட்டும்தான் அக்கா. பேச்சை அளந்து எனக்குப் பழக்கமில்ல."

மாமா கோபப்படவில்லை. கத்தினால் திருப்பிக் கத்துகிற மனிதர்தான், அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றம் செய்தவன் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்தேன். எழுந்து அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து கொடுத்தார். பட்டையும் ஸ்பிரிங்கும் எண்ணெய் தடவிப் பத்திரமாக இருந்தன.

"நீயே மாட்டிடு. மாட்டினதும் எஞ்சினை ஓட்டாம, அறுக்கற மாதிரி அவனைப் பிடிக்கச் சொல்லு. ஒரு ரெண்டு நிமிஷம்."

"மெஷினை எப்படிச் சோதிக்கணும்னு எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா?" என்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்ததில் எதிரே வந்த ஒரு ஆள் ஒதுங்கிப் போனார்.

அந்த ஸ்பிரிங் லேசில் உட்கார்கிற ஜாதி இல்லை. ஸ்குரூ டிரைவர் இரண்டு தடவை வழுக்கி விரல் முட்டி தோல் உரிந்தது. ஒவ்வொரு தடவையும் மாமாவை ஒரு வார்த்தை சொன்னேன். கடைசியில் உட்கார்ந்தது. தடுப்பைத் தள்ளினேன். டக். காதுக்கு எவ்வளவு நிம்மதி!

வீட்டுக்காரர் எண்ணெய் டப்பாவோடு உள்ளே வந்தார். மேடையில் கிடந்த துணியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், தடுப்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பட்டை எங்க கிடைச்சுது?"

'என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை. 'எதைக் கழற்றினாய்' என்றும் கேட்கவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

"பட்டை இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார். "நான்தான் கழட்டச் சொன்னேன்."

"நீங்களா?"

"தொட்டதுக்கெல்லாம் டக்கு டக்குனு நிக்கும். வேலை ஓடாது. நிறைய பேர் கழட்டிட்டுத்தான் ஓட்டறாங்க."

"உங்க அண்ணனை அவர் வீட்டுல வெச்சு நார் நாராக் கிழிச்சுட்டு வந்திருக்கேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல!"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்."

மாமா கடைசியில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். "வாங்க. பிடிங்க" என்றேன்.

"இப்ப எதுக்கு?"

"பிடிங்கன்னு சொல்றேன்ல."

துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே நின்று அவர் மெஷினைப் பிடித்தார். வலது கை பின்னால், இடது கை முன்னால், பார் மரத்தில் இறங்குகிற மாதிரி நேராக. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபதுகூட வரவில்லை. இடது மணிக்கட்டு தானாக முன்னால் மடிந்து தடுப்பில் சாய்ந்தது.

டக்.

"வழுக்கிடுச்சு" என்றார். "மறுபடி" என்றேன். தடுப்பைப் பின்னால் இழுத்துவிட்டுப் பிடித்தார். டக். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டார், நெற்றியில் வேர்வை துளிர்த்தது. டக். நான்காவது தடவை அவருடைய விரல்களே திறந்துகொண்டன. மெஷின் காலில் விழாமல் நான்தான் பாய்ந்து பிடித்தேன்.

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசம் இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து மரத்துப் போகுது. காலைல எழுந்தா விரல் மடங்கறதுக்கே அரை மணி ஆகுது." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "சின்ன மெஷினை அழுத்தி அழுத்தித்தான் கை போச்சு. பெரிசுன்னா தன் எடையிலேயே இறங்கும், அழுத்த வேண்டியதில்ல. பிரேக்கும் இல்லேன்னா மணிக்கட்டு சாய்ஞ்சாலும் ஓடிக்கிட்டே இருக்கும். யாருக்கும் தெரியாது."

மூன்று மாதமாகத்தான் அவர் வீட்டுக்கு வந்து 'வெட்டு ஒரு பக்கமாக் கோணுது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் அரம் பிடிக்கிற கைதான் சரியில்லை என்று நினைத்தேன். சங்கிலியை இடுக்கியில் மாட்டி ஒவ்வொரு பல்லாக அளந்தேன். கண்ணுக்குக் கண்ணாடி மாற்றினேன். இவர் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார். கோணியது இவர் கை என்று இவருக்குத் தெரியும்.

"என்னை மூணு மாசம் முட்டாளாக்கிட்டீங்களே" என்றேன். "எழுபது பல்லுல எது மழுங்கினதுன்னு பாக்கத் தெரிஞ்சவளுக்கு, பக்கத்துல படுத்திருக்கறவர் கை தெரியலயே. அந்த லட்சணத்துல வெச்சிருந்தீங்களே என்னை!"

"இந்த வேலை ஒண்ணு முடியட்டும். ஒரு மாசம். அந்தப் பட்டையைக் கழட்டிக் குடு. முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போறேன், சத்தியமா."

"முகம் பிளந்துச்சுன்னா அதையும் சேர்த்து ஒரே தடவையா அவர்கிட்ட காட்டிக்கலாம், அப்படித்தானே?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?" அவரும் கத்தினார். "இது தவிர எனக்கு என்ன தெரியும்? கை போச்சுன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும், அப்புறம் இந்த ஊர்ல எவன் என்னை மரத்துப் பக்கத்துல விடுவான்?"

அவர் சொன்னது உண்மை. இந்தத் தொழிலில் கை போனவன் என்று பெயர் வாங்கினால் வாங்கினதுதான், திரும்ப நல்ல பெயர் வராது. ஆனால் நான் பட்டையைக் கழற்றிக் கொடுக்காவிட்டால் அவரே கழற்றிக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரியும். நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த மடிகிற கையோடு, பிரேக் இல்லாமல், முதல் மரத்தின் முன்னால் நிற்பார்.

ஜன்னலில் இருந்த அவருடைய போனை எடுத்தேன். ஒப்பந்தக்காரர் எண்ணைத் தேடி அழுத்தினேன். யாருக்கு என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, நான் அவர் வீட்டம்மா பேசறேன். நாளைக்கு அவர் வரமாட்டார். இல்ல, காய்ச்சல் இல்ல. இடது கை போயிடுச்சு. மெஷின் பிடிக்க முடியல." எப்போது சரியாகும் என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். "தெரியலண்ணே" என்றேன். 'சரிம்மா, வேற ஆள் பாத்துக்கறேன்' என்று வைத்துவிட்டார். பதினோரு வருஷத் தொழில், முடிய முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்காரர் ஓடிவந்து போனைப் பிடுங்குவார் என்று எதிர்பார்த்துத்தான் பேசினேன். அடிக்க வந்தாலும் வரட்டும் என்று இருந்தேன். திரும்பிப் பார்த்தால், வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் இறங்கியிருந்தன. ரொம்ப தூரம் சுமந்துவந்த மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு மெஷின் வீட்டுக்குள் வந்தால், திறந்து பார்க்காமல் நான் வெளியே விட்டதில்லை. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பட்டை இல்லாத மெஷினைக் கொண்டுவந்து, நேராக என் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, எண்ணெய் வாங்கப் போயிருக்கிறார். தன் வாயால் சொல்ல முடியாததை என் வாயால் சொல்ல வைத்துவிட்டார், இந்த மனுஷன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். அடிக்கவில்லை. படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடது கையை இழுத்து என் மடியில் வைத்து, விறைத்துப் போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே, அவரையும், அவர் அண்ணனையும், அந்த ஒப்பந்தக்காரரையும், உலகத்தில் உள்ள அத்தனை மரங்களையும் திட்ட ஆரம்பித்தேன். அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.